எலும்பே இல்லாத உயிர்கள் பாறையில் பதிந்தது எப்படி? கடலின் முதல் விலங்குகள் பற்றி ஓர் எளிய விளக்கம்

புதைபடிவம் என்று சொன்னதும் நமக்கு டைனோசர் எலும்புதான் நினைவுக்கு வரும். டைனோசர்கள் தோன்றி ஏறக்குறைய 23 கோடி ஆண்டுகள் ஆகின்றன. விலங்குகளின் கதையில் அது பாதியைத் தாண்டி வரும் அத்தியாயம். விலங்குகள் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய படிவங்களுக்கு வயது சுமார் 57 கோடி ஆண்டுகள். அவை எல்லாமே கடலில் வாழ்ந்தவை. ஒன்றுக்குக்கூட எலும்பு கிடையாது. ஓடு, பல், கொடுக்கு எதுவும் கிடையாது. கரையில் ஒதுங்கிய ஜெல்லிமீன் ஒரே நாள் வெயிலில் சுருங்கி மணலோடு மணலாகிவிடும். அதே மாதிரி மெத்தென்ற உடம்பு 57 கோடி ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தது? தாக்குப்பிடித்ததை விலங்கு என்று எப்படி அடையாளம் காண்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் கடல்வாழ் முதுகெலும்பில்லா விலங்குகளின் தொடக்கக் கதை கிட்டத்தட்ட முழுதும் புரிந்துவிடும்.

முதலில் கால அளவு. பூமிக்கு வயது 454 கோடி ஆண்டுகள். உயிர் இருந்ததற்கான பழைய தடயங்கள் மேற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 350 கோடி ஆண்டுப் பாறைகளில் கிடைக்கின்றன. அவை நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காகக் கட்டிய மேடுகள். அதன்பிறகு மிக நீண்ட காலத்துக்குக் கடலில் நுண்ணுயிர்களும் பாசிகளும்தான். நாம் பேசப்போவது இரண்டு காலகட்டங்களைப் பற்றி. 63.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53.9 கோடி வரை நீண்டது எடியாக்காரன் காலம். அதை அடுத்து 48.5 கோடி வரை வருவது கேம்பிரியன் காலம். நம் அரியலூர்ப் பக்கம் கிடைக்கும் அம்மோனைட்டுகளும் கடல் முதுகெலும்பில்லா விலங்குகளின் படிவங்கள்தான். ஆனால் அவற்றுக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டுகள்; அதாவது இந்தக் கதை முடிந்து நாற்பது கோடி ஆண்டுகள் கழித்து வந்தவை.

பாறையில் எவை எவை பதியும்?

புதிதாகப் போட்ட சிமென்ட் தரையை எண்ணிக்கொள்ளுங்கள். ஈரம் காய்வதற்குள் ஓர் இலை விழுகிறது, ஒரு நாய் குறுக்கே ஓடுகிறது. இலை மக்கிப் போய்விடும், நரம்போடு அதன் அச்சு தரையில் நிற்கும். நாயின் உடம்பு அங்கே இல்லை, ஆனால் அது எந்தப் பக்கம் ஓடியது என்பது வரை கால்தடம் சொல்லும். புதைபடிவங்களிலும் இப்படி இரண்டு வகை உண்டு. ஒன்று உடலின் படிவம்: உடலே கல்லாக மாறியதாகவோ அதன் அச்சாகவோ இருக்கலாம். இன்னொன்று தடப் படிவம்: ஊர்ந்த கோடு, தோண்டிய வளை, சுரண்டிய கீறல்.

ஓடும் பல்லும் எளிதில் படிவமாகும், காரணம் அவை ஏற்கெனவே பாதி கல். கால்சியம் கார்பனேட்டோ பாஸ்பேட்டோ சிலிக்காவோ கொண்டவை. மெல்லுடல் பதிய வேண்டுமானால் நிலைமைகள் கூடிவர வேண்டும். செத்த உடல் சட்டென்று சேற்றிலோ மணலிலோ புதைய வேண்டும். ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும். பிணம் தின்னும் உயிர்கள் அண்டக் கூடாது. இவை ஒன்றாக அமைவது அபூர்வம் என்பதால்தான் உலகில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள் இந்தத் துறையில் திரும்பத் திரும்பப் பேசப்படுகின்றன. உடல் படிவம், தடப் படிவம் என்ற இரண்டோடு மூன்றாவதாக ஒரு சான்றும் சமீபத்தில் சேர்ந்திருக்கிறது. உடல் அழிந்தாலும் அதன் கொழுப்பு மூலக்கூறுகளில் சில பாறைக்குள் தங்கிவிடுகின்றன. அதைப் பிறகு பார்ப்போம், அது ஓர் அருமையான துப்பறியும் கதை.

டார்வினைத் தொந்தரவு செய்த வெற்றிடம்

கேம்பிரியன் என்ற பெயரை 1835இல் வைத்தவர் ஆங்கிலேயப் புவியியலாளர் ஆடம் செட்ஜ்விக். வேல்ஸ் நாட்டின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பாறைகளில் ட்ரைலோபைட்டுகள் ஏராளம். இவை நண்டு, இறால், பூச்சி இவற்றுக்குத் தூரத்து உறவான கணுக்காலிகள். தலை, நடுவுடல், வால் என்று பிரிந்த ஓடு, வரிசையாகக் கால்கள், கால்சைட் படிகத்தாலான கூட்டுக் கண்கள் என்று சிக்கலான அமைப்பு கொண்டவை.

இங்கேதான் பிரச்சினை. ட்ரைலோபைட் உள்ள அடுக்குகளுக்குக் கீழே போனால், அன்றைய புவியியலாளர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. கண்ணும் காலும் உள்ள ஒரு விலங்கு திடீரென வந்து நிற்க முடியாது. அதற்கு முன்னோர்கள் இருந்தாக வேண்டும். அவர்கள் எங்கே? 1859இல் பரிணாமக் கொள்கையை வெளியிட்ட சார்லஸ் டார்வின் இதை மறைக்கவில்லை. தன் கொள்கைக்கு எதிரான வலுவான வாதம் இது என்பதையும், தன்னிடம் திருப்தியான பதில் இல்லை என்பதையும் எழுதியே வைத்தார். அதற்கு முன்பும் நீண்ட காலம் கடலில் உயிர்கள் நிறைந்திருந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கணிப்பு. கணிப்பு சரிதான். ஆனால் அது மெய்ப்பட நூறாண்டுகள் ஆயின.

பள்ளிப் பிள்ளைகளும் ஓர் இந்திய மாணவரும்

1946இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் எடியாக்கரா குன்றுகளில், அரசுப் புவியியலாளரான ரெஜ் ஸ்பிரிக் பழைய சுரங்கங்களைத் திரும்பத் திறக்க முடியுமா என்று பார்க்கப் போயிருந்தார். அங்கிருந்த மணற்கல் பலகைகளில் வட்ட வட்டமான பதிவுகள் தென்பட்டன. ஜெல்லிமீன்கள் என்று அவர் கருதினார். ஆனால் அந்தப் பாறை கேம்பிரியனைச் சேர்ந்ததாக இருக்கும் என்ற எண்ணமே பலருக்கும் இருந்ததால், கண்டுபிடிப்பின் கனம் உடனே உறைக்கவில்லை.

திருப்பம் இங்கிலாந்தில் வந்தது. லெஸ்டர் அருகேயுள்ள சார்ன்வுட் காட்டுப் பாறைகள் கேம்பிரியனுக்கு முந்தியவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. 1956இல் டீனா நீகஸ் என்ற 15 வயதுப் பெண் அங்கே பெரணி இலை போன்ற ஒரு பதிவைக் கண்டு ஆசிரியரிடம் சொன்னார். அந்தப் பாறையில் புதைபடிவமே இருக்க முடியாது என்று பதில் வந்தது. அடுத்த ஆண்டு ரோஜர் மேசன் என்ற பள்ளி மாணவர் நண்பர்களோடு பாறை ஏறப் போன இடத்தில் அதே மாதிரிப் பதிவைப் பார்த்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார். அது லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டிரெவர் ஃபோர்டிடம் போய்ச் சேர, 1958இல் 'சார்னியா மேசோனி' என்ற பெயர் உறுதியானது. இரண்டு பேரும் பார்த்தது ஒன்றைத்தான். ஒருவருக்குக் காது கொடுத்துக் கேட்க ஆள் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை. நீகஸின் பங்கு இப்போது வெளிப்படையாக ஒப்புக்கொள்ளப்பட்டிருப்பது நல்ல விஷயம்.

சார்னியாவை ஒத்த வடிவங்கள் ஆஸ்திரேலியாவிலும் இருப்பது தெரிந்ததும், ஸ்பிரிக் பார்த்த பாறைகளும் கேம்பிரியனுக்கு முந்தியவையே என்பது தெளிவானது. 2004இல் அந்தக் குன்றுகளின் பெயரே ஒரு புவியியல் காலத்துக்கு அதிகாரப்பூர்வமாகச் சூட்டப்பட்டது.

அப்புறம் கனடா. நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் தென்கிழக்கு முனையில் மிஸ்டேக்கன் பாயின்ட் என்றொரு இடம். 1967இல் அங்கே புவியியல் வரைபட வேலையாகப் போன ஷிவ பாலக் மிஸ்ரா, உத்தரப் பிரதேசக் கிராமம் ஒன்றிலிருந்து மெமோரியல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்த மாணவர். கடலைப் பார்த்துச் சாய்ந்து கிடந்த பாறைத் தளங்களில் கதிர்வடிவிலும் இலைவடிவிலும் பதிவுகள் இறைந்து கிடப்பதை அவர்தான் கண்டார். பிற்பாடு இந்தியாவுக்கே திரும்பி, கிராமப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி நடத்தினார். 2007இல் அங்குள்ள ஓர் உயிரினத்துக்கு 'ஃபிராக்டோஃபியூசஸ் மிஸ்ராய்' என்று அவர் பெயரையே வைத்தார்கள். 2016இல் அந்த இடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் பள்ளிப் பாடநூல்களில் இந்தப் பெயர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

மிஸ்டேக்கன் பாயின்ட்டின் சிறப்பு அங்கே உள்ள எரிமலைச் சாம்பல். ஆழ்கடல் தரையில் இந்த உயிர்கள் நின்றுகொண்டிருந்தபோதே மேலிருந்து சாம்பல் இறங்கி, அவற்றை இருந்த இடத்தில் இருந்தபடியே மூடிவிட்டது. எது எதற்குப் பக்கத்தில் வளர்ந்தது, எது சிறியது, எது பெரியது என்று ஒரு பழங்கால வாழிடம் முழுசாகக் கிடைக்கிறது. அதோடு சாம்பலில் ஜிர்கான் என்ற நுண்படிகம் இருக்கும். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்க்கும், காரீயத்தைச் சேர்க்காது. யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகக் காரீயமாக மாறும் வேகம் நமக்குத் தெரியும். எனவே இன்று அந்தப் படிகத்துக்குள் யுரேனியம் எவ்வளவு, காரீயம் எவ்வளவு இருக்கிறதென்று அளந்தால் சாம்பல் விழுந்த காலம் கிடைத்துவிடும். இப்படித்தான் அங்குள்ள பழைய அடுக்குகளுக்கு 57.4 கோடி ஆண்டுகள் என்று வயது சொல்ல முடிகிறது.

இந்த இலைவடிவ உயிர்கள் செடியா, விலங்கா? அவை வாழ்ந்த ஆழத்துக்குச் சூரிய ஒளி போகாது, ஆகவே ஒளிச்சேர்க்கை செய்யும் செடியாகவோ பாசியாகவோ இருக்க வாய்ப்பில்லை. ஆனால் வாயும் இல்லை, குடலும் இல்லை. கிளைக்குள் கிளை, அதற்குள் கிளை என்று ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும் உடல். நீரில் கரைந்திருந்த உணவை மேற்பரப்பு வழியாகவே உறிஞ்சியிருக்கலாம் என்பது ஒரு கருத்து. இன்று வாழும் எந்தக் கூட்டத்தோடும் இவற்றைச் சுலபமாகப் பொருத்த முடியவில்லை.

கொழுப்பு சொன்ன சாட்சி

எடியாக்காரன் உயிர்களில் மிகப் பிரபலமானது டிக்கின்சோனியா. தட்டையான நீள்வட்ட உடல், நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் பட்டை பட்டையாகப் பிரிந்திருக்கும். சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் வரை வளர்ந்திருக்கிறது. இது விலங்கு என்று சிலர், பாசிப்பூஞ்சை என்று சிலர், ஒற்றைச் செல் உயிரி என்று சிலர். பல பத்தாண்டுகள் வாதம் ஓயவில்லை. வடிவத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வர வழியும் இல்லை.

ரஷ்யாவின் வெள்ளைக் கடலோரப் பாறைகள் பெரிய அளவில் சூடாகாமலும் நசுங்காமலும் இருந்தவை. அங்குள்ள சில டிக்கின்சோனியா படிவங்களின் மேல் மெல்லிய கரிமப் படலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த இலியா போப்ரோவ்ஸ்கியும் குழுவினரும் அந்தப் படலத்தைப் பிரித்தெடுத்து, அதிலிருந்த கொழுப்பு மூலக்கூறுகளைச் சோதித்தார்கள். இதில் தர்க்கம் எளியது. விலங்குகளின் செல் சவ்வில் இருப்பது பெரும்பாலும் கொலஸ்ட்ரால். பூஞ்சைகளில் இருப்பது எர்கோஸ்டெரால். பச்சைப் பாசிகளில் வேறொரு வகை. படிவத்தின் மேலிருந்த படலத்தில் கொலஸ்ட்ராலின் எச்சம் 93 சதவீதம் வரை இருந்தது. படிவத்தைச் சுற்றியிருந்த பாறையிலோ பாசிகளுக்குரிய வகையே மிகுதி. 2018இல் முடிவு வெளியானது: 55.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டிக்கின்சோனியா ஒரு விலங்கு.

இரத்தப் பரிசோதனைச் சீட்டில் நாம் பயத்தோடு பார்க்கும் அதே கொலஸ்ட்ரால்தான் இங்கே சாட்சி. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு இது. படிவத்தை மட்டும் சோதிக்காமல் சுற்றியிருந்த பாறையையும் சோதித்ததுதான் இதன் வலிமை.

டிக்கின்சோனியா இந்தியாவிலும் கிடைத்ததாக 2021இல் செய்தி வந்தது பலருக்கு நினைவிருக்கும். போபால் அருகே பீம்பேட்கா குகை ஒன்றின் கூரையில் டிக்கின்சோனியா போலவே ஒரு வடிவம் காணப்பட்டது. செய்தித்தாள்கள் கொண்டாடின. இன்னொரு குழு நேரில் போய்ப் பார்த்தபோது அந்த வடிவம் கூரையிலிருந்து உரிந்து வந்துகொண்டிருந்தது. பாறைக்குள் பதிந்த அச்சு உரியாது. பக்கத்திலேயே மலைத்தேனீக் கூடுகளும் இருந்தன. அது பழைய தேன்கூட்டின் எச்சம் என்று 2023இல் வெளியிட்டார்கள். முதலில் அறிவித்த ஆய்வாளரும் அதை ஏற்றுக்கொண்டார். முதல் செய்தியைப் படித்தவர்களில் பலர் இரண்டாவதைப் படித்திருக்கமாட்டார்கள் என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

ஊர்ந்ததும் சுரண்டியதும்

உடல் என்ன செய்தது என்று அறியத் தடங்களைத்தான் நாட வேண்டும். வெள்ளைக் கடல் பாறைகளில் கிம்பெரெல்லா என்றொரு சிறு உயிர் உண்டு. 55.5 கோடி ஆண்டு வயது, இடம் வலம் ஒத்த உடல், முதுகில் கெட்டியான ஒரு மூடி. இதனருகே விசிறி வடிவில் கீறல்கள் கிடைக்கின்றன. அந்தக் கால ஆழமற்ற கடல்தரை முழுதும் நுண்ணுயிர்கள் பாய் விரித்தாற்போல் படர்ந்திருந்தன. அந்தப் பாயைக் கிம்பெரெல்லா சுரண்டித் தின்றிருக்கிறது. இன்றைய நத்தைகளும் பாறையில் பாசியை இப்படித்தான் சுரண்டுகின்றன. இதனால் பலர் இதை நத்தை, சிப்பி அடங்கிய மெல்லுடலிகள் என்ற கூட்டத்துக்கு நெருக்கமான உறவாகக் கருதுகிறார்கள்.

சீனாவில் 2019இல் அறிவிக்கப்பட்ட யிலிங்கியா இதைவிடத் தெளிவானது. சாதாரணமாகத் தடம் ஓரிடத்தில் கிடைக்கும், அதைப் போட்ட உயிர் கிடைக்காது. எந்தத் தடம் யாருடையது என்ற குழப்பம் தீராது. இங்கே கணுக்கணுவான உடல் கொண்ட அந்தப் புழு, சேற்றில் கோடு போட்டுக்கொண்டே வந்து, கோட்டின் முடிவிலேயே செத்துக் கிடக்கிறது. முன்பக்கம் பின்பக்கம் என்று திசையறிந்து நகரும், கணுக்களுள்ள உடல் எடியாக்காரன் காலம் முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் கிடையாது.

கேம்பிரியன் காலத்தின் தொடக்கக் கோடே ஒரு தடத்தை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. 1992இல் நியூஃபவுண்ட்லாந்தின் ஃபார்ச்சூன் ஹெட் பாறைமுகத்தை உலகப் பொது அளவுகோலாகத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ட்ரெப்டிக்னஸ் பீடம் என்ற வளைத்தடம் தோன்றுவது அடையாளம். அதற்கு முந்திய தடங்கள் பெரும்பாலும் தரையின் மேலேயே ஊர்ந்தவை. ட்ரெப்டிக்னஸ் போட்ட விலங்கு சேற்றுக்குள் இறங்கி, மேலே எட்டிப் பார்த்து, மறுபடி இறங்கி, கிளை கிளையாகத் தோண்டியிருக்கிறது. இப்படித் தோண்டும் உயிர்கள் பெருகியதும் நுண்ணுயிர்ப் பாய் கிழிந்தது, சேற்றுக்குள் ஆக்சிஜன் இறங்கியது. பாய்மேல் ஒட்டி வாழ்ந்தவற்றுக்கு இடமில்லாமல் போனது. எடியாக்காரன் உயிர்கள் மறைந்ததற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இன்னொரு விளைவும் உண்டு: ஆஸ்திரேலியாவில் மணலுக்கு அடியில் மெல்லுடல்கள் அத்தனை துல்லியமாக அச்சானதற்கு அந்தப் பாய் உடலை மூடி இறுக்கியது முக்கியக் காரணம். பாய் போனதும் அந்த வகைப் பதிவும் நின்றுபோனது.

ஓடு வந்தது, கூடவே துளையும்

ஓடு கட்டும் பழக்கம் கேம்பிரியனுக்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிளவுடினா, கூம்புக்குள் கூம்பு செருகியது போன்ற சுண்ணாம்புக் குழாயில் வாழ்ந்தது. நமீபியாவில் முதலில் விவரிக்கப்பட்டு, பிறகு பல கண்டங்களில் கிடைத்தது. சீனாவில் கிடைத்த சில கிளவுடினா குழாய்களில் வட்டமான சிறு துளைகள் இருக்கின்றன. ஏதோ ஒன்று துளைத்துத் தின்ன முயன்றிருக்கிறது. வேட்டையாடுதலுக்கு உள்ள மிகப் பழைய ஆதாரங்களில் இது ஒன்று. ஓடு ஏன் வந்தது என்ற கேள்விக்கும் இதில் பாதி விடை இருக்கிறது.

கேம்பிரியன் தொடங்கியதும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் அளவில் முள், செதில், தொப்பி, குழல் என்று ஏராளமான துணுக்குகள் தோன்றுகின்றன. இவற்றை எடுக்கும் முறை வேடிக்கையானது. சுண்ணாம்புக்கல்லை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில், அதாவது வினிகரில் உள்ள அதே அமிலத்தில், ஊறப்போடுவார்கள். சுண்ணாம்பு மெதுவாகக் கரையும், பாஸ்பேட்டாக மாறிய துணுக்குகள் கரையாமல் அடியில் தங்கும். அதைக் கழுவி, உலர்த்தி, நுண்ணோக்கிக்குக் கீழே ஈரத் தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். நம் நாட்டிலும், முசோரி பக்கத்து இமயமலைப் பாஸ்பேட் பாறைகளில் இவை கிடைத்திருக்கின்றன.

இவை தனித்தனி விலங்குகளா, ஒரே விலங்கின் பாகங்களா என்பது பெரிய புதிர். ஹால்கீரியா என்று பெயரிட்ட செதில்கள் பல ஆண்டுகள் உதிரியாகவே தெரிந்திருந்தன. பிறகு வடக்கு கிரீன்லாந்தில் சிரியஸ் பாசெட் என்ற இடத்தில் முழு விலங்கும் கிடைத்து, 1990இல் வெளியானது. ஓடில்லா நத்தை போல நீண்ட உடல், அதன் மேல் நூற்றுக்கணக்கான செதில்கள், இரண்டு முனையிலும் ஒவ்வொரு சிப்பி. உதிரியாகக் கிடைத்தபோது இப்படியொரு உருவத்தை ஊகிக்கவே முடிந்திருக்காது.

மெல்லுடலோடு கிடைத்த கேம்பிரியன் கடல்

1909இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளராக இருந்த சார்லஸ் வால்காட், கனடாவின் ராக்கி மலைத்தொடரில் பர்ஜெஸ் ஷேல் படிவங்களைக் கண்டார். 50.8 கோடி ஆண்டு வயதுடைய கறுப்புக் களிப்பாறை. நீருக்கடியில் சரிந்து வந்த நுண்சேறு விலங்குகளை அப்படியே மூடியதால் கால், செவுள், குடல் வரை கரிப்படலமாகப் பதிந்திருக்கின்றன. வால்காட் அடுத்தடுத்த பயணங்களில் 65,000 மாதிரிகளைத் திரட்டினார். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றை இன்றுள்ள கூட்டங்களுக்குள்ளேயே அடக்கிவிட்டார். 1960களின் கடைசியிலிருந்து கேம்பிரிட்ஜின் ஹாரி விட்டிங்டனும் அவருடைய மாணவர்களும் அவற்றைத் திரும்ப ஆராய்ந்தபோதுதான் உண்மையான உருவங்கள் வெளிவந்தன. ஐந்து கண்களும் முகத்தில் நீண்ட தும்பிக்கையும் கொண்ட ஒபபினியாவின் படத்தை விட்டிங்டன் 1972இல் ஒரு கூட்டத்தில் காட்டியபோது அரங்கமே சிரித்துவிட்டதாம்.

அனோமலோகாரிஸ் வகையின் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1892இல் இறால் வால் போல ஒரு படிவம் கிடைத்தது; விசித்திர இறால் என்ற பொருளில் பெயரிட்டார்கள். நடுவில் ஓட்டையுள்ள வட்டமான இன்னொரு படிவத்தை வால்காட் ஜெல்லிமீன் என்றார். மூன்றாவதாக ஒரு நைந்த உடலைக் கடல் அட்டை என்றார். 1985இல் விட்டிங்டனும் டெரெக் பிரிக்ஸும் இந்த மூன்று வகைப் படிவங்களையும் ஒன்றாகப் பொருத்தினார்கள். இறால் என்று நினைத்தது இரை பிடிக்கும் முன்கை. ஜெல்லிமீன் என்று நினைத்தது பற்கள் சூழ்ந்த வாய். கடல் அட்டை என்று நினைத்தது இவற்றுக்குரிய உடல். பக்கவாட்டு மடல்களை அசைத்து நீந்திய, அந்தக் காலக் கடலின் மிகப் பெரிய வேட்டை விலங்குகளில் ஒரு குடும்பம் இப்படி வெளிப்பட்டது.

பர்ஜெஸ் ஷேலில் கிடைத்த, புழு போன்ற ஹாலுசிஜெனியா என்ற விலங்கைத் தலைகீழாகவே வரைந்திருந்தார்கள். 1977இல் முதுகு முட்களைக் கால்கள் என்று கருதினார்கள். சீனாவில் கிடைத்த உறவின விலங்குகளை வைத்து 1991இல் திருப்பிப் போட்டார்கள். எது தலை, எது வால் என்பதே 2015இல்தான் தீர்ந்தது; மின்னணு நுண்ணோக்கியில் ஒரு முனையில் இரண்டு கண்களும் ஒரு வாயும் தெரிந்தன. அதன் நகங்கள் அடுக்கடுக்காக இருக்கும் விதம் இன்றைய வெல்வெட் புழுக்களின் நகத்தோடு ஒத்துப்போகிறது. வெல்வெட் புழுக்கள் இன்று ஈரக்காட்டுத் தரையில் வாழ்கின்றன, நம் அருணாச்சலப் பிரதேசத்திலும் ஓர் இனம் உண்டு.

ஹாலுசிஜெனியாவைத் திருப்பிப்போட உதவிய சீனப் படிவங்கள் யுன்னான் மாநிலத்துச் செங்ஜியாங்கைச் சேர்ந்தவை. 1984இல் ஹோ சியாங்குவாங் அந்த இடத்தைக் கண்டுபிடித்தார். வயது 51.8 கோடி, பர்ஜெஸைவிட ஒரு கோடி ஆண்டு பழையது. மஞ்சள் நிறச் சேற்றுப்பாறையில் செம்பழுப்பாகப் பதிந்த உருவங்கள், சிலவற்றில் நரம்பு மண்டலத்தின் தடம் வரை தெரிகிறது. கணுக்காலிகள், கடற்பஞ்சுகள், புழுக்கள், முட்தோலிகளுக்கு நெருக்கமானவை, முதுகெலும்பிகளின் ஆரம்ப உறவுகள் என்று இன்றைய பெரும் கூட்டங்களில் பெரும்பாலானவை அங்கே வந்துவிட்டன.

அப்படியானால் திடீரென நடந்ததா?

கேம்பிரியன் வெடிப்பு என்று பாடநூல்களில் வரும் நிகழ்வு இதுதான். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 57.4 கோடியில் இலைவடிவ உயிர்கள். 55.8இல் டிக்கின்சோனியா. 55.5இல் சுரண்டித் தின்னும் கிம்பெரெல்லா. 55ஐ ஒட்டிக் கிளவுடினா. 53.9இல் தோண்டும் விலங்குகள். அதன்பின் ஓட்டுத் துணுக்குகள். 52.1இல் முதல் ட்ரைலோபைட்டுகள். 51.8இல் செங்ஜியாங். சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுகள். டைனோசர்கள் அழிந்து இன்றுவரை ஓடியிருப்பது 6.6 கோடி ஆண்டுகள்தான் என்பதை எண்ணினால் இது குறைந்த காலமில்லை.

அதே சமயம், எல்லாமே பதிவின் குறைபாடு என்று தள்ளிவிடவும் முடியாது. கேம்பிரியனின் முதல் இரண்டு கோடி ஆண்டுகளில் தடங்களின் வகையும் ஆழமும் கூடின. தடம் பதிய ஓடு தேவையில்லை என்பதால், உடல்களே உண்மையில் பல்கிப் பெருகின என்பதற்கு இது நம்பகமான சான்று. காரணம் என்ன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடல்நீரில் ஆக்சிஜன் கூடியது என்பார்கள் சிலர். வேட்டையும் தற்காப்பும் ஒன்றையொன்று துரத்தின என்பார்கள் வேறு சிலர். உடல் வடிவத்தை ஒழுங்குபடுத்தும் மரபணுக்கள் முன்பே தயாராக இருந்தன என்பதும் சேர்கிறது. எனக்கு இவை ஒன்றோடொன்று மோதும் விளக்கங்களாகத் தெரியவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் ஓடித் துரத்தும் உடல் சாத்தியமில்லை; துரத்த ஆள் இல்லாமல் கவசத்துக்கு அவசியமில்லை.

இன்னும் மூடியே இருக்கும் பக்கம் கடற்பஞ்சுகளுடையது. விலங்குகளின் குடும்ப மரத்தில் மிக முன்னாலேயே பிரிந்த கிளைகளில் கடற்பஞ்சும் ஒன்று. இன்றைய விலங்குகளின் மரபணு வேறுபாடுகளை வைத்துக் கணக்கிட்டால் அவை 70 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். ஓமன் நாட்டுப் பாறைகளில் 63.5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கொழுப்பு மூலக்கூறைக் கடற்பஞ்சின் அடையாளம் என்று 2009இல் சொன்னார்கள். பாசிகளிலிருந்தும் அது வந்திருக்கலாம் என்ற மறுப்பும் எழுந்தது. வடமேற்குக் கனடாவின் 89 கோடி ஆண்டுப் பாறையில் கடற்பஞ்சின் வலைப்பின்னல் தெரிவதாக 2021இல் ஓர் ஆய்வு வந்தது. அதையும் பலர் ஏற்கவில்லை. ஆனால் கடற்பஞ்சின் உடலைத் தாங்கும் சிலிக்கா முட்கள் எளிதில் அழியாதவை, அவை கேம்பிரியனுக்கு முன் உறுதியாகக் கிடைக்கவே இல்லை. முட்கள் எங்கே போயின?

2024இல் சீனாவிலிருந்து வந்த ஒரு படிவம் இதற்குப் பதில் தருகிறது. ஹெலிகோலோசெல்லஸ் என்ற அந்தக் கடற்பஞ்சு எடியாக்காரன் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது, ஓரடிக்கு மேல் நீளம். உடல் முழுதும் பெட்டி பெட்டியாகவும், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் சிறு பெட்டிகளாகவும் பிரிந்த மேற்பரப்பு இன்றைய கண்ணாடிக் கடற்பஞ்சுகளை நினைவூட்டுகிறது. ஆனால் முட்கள் இல்லை. ஆரம்பக் கடற்பஞ்சுகளுக்குச் சிலிக்கா முட்களே இல்லை, மெல்லிய கரிமச் சட்டகம்தான் இருந்தது என்றால், இத்தனை நாள் முட்களை மட்டும் தேடியவர்களுக்கு எதுவும் சிக்காததில் வியப்பில்லை. அதனால் இப்போது தேடும் பொருளே மாறுகிறது: 60 கோடி ஆண்டுகளுக்கும் பழைய பாறைகளில், மெல்லுடல் பதியத் தோதான அடுக்குகளாகப் பார்த்து, முள்ளுக்குப் பதில் இந்தப் பெட்டிக் கோலத்தைத் தேட வேண்டும்.